வெளியே நிற்கும் புது கார்: பெயிண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெட் இல்லாமல் திறந்த வெளியில் காரை நிறுத்துகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். என் காரும் வெளியேதான் நிற்கிறது. முதல் காரின் பெயிண்டை ஆசையாகத் துடைத்துத் துடைத்தே கெடுத்தேன்; அந்த வருத்தம் இன்னும் இருப்பதால் சில இடங்களில் அழுத்திச் சொல்லியிருப்பேன்.

புது கார்தானே, இப்பவே பெயிண்டைப் பத்தி என்ன கவலை?

பெயிண்டின் கனம் எவ்வளவு என்று தெரிந்தால் கவலை தானாக வரும். இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது.

பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. நம் தோல் மாதிரி அது திரும்ப வளராது. புதிதாக இருக்கும்போது காப்பாற்றுவது சுலபம். கெட்ட பிறகு சரிசெய்வது என்றால், மிச்சம் இருப்பதிலிருந்து இன்னும் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான்.

தினமும் காலையில ஒரு துணியால துடைச்சிடுறேன். அது நல்லதுதானே?

ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நான் பார்த்த வரையில், வெளியே நிற்கும் கார்களின் பளபளப்பை அதிகம் பறித்தது இந்தக் காய்ந்த துணிதான். வெயிலும் மழையும் அதற்கு அப்புறம்தான்.

தூசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மண்ணும் மணல் துகளும். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்கு 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதே அளவுகோலில் ஏறக்குறைய 5.5. கத்தியையே கீறும் துகளின் மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கிறோம். தூசி அதன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்வரை பெயிண்டில் கோடு போடுவதில்லை. கையால் நகர்த்தும்போதுதான் போடுகிறது.

என் முதல் கார் அடர் நீலம். எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் துடைத்தேன். ஒருநாள் இரவு தெருவிளக்கின் கீழே நிறுத்திவிட்டு இறங்கினேன். பானெட்டில் விளக்கு தெரிந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிய மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். துணி போன திசையெல்லாம் கோடு விழுந்திருக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுவதால் அது வட்டமாகத் தெரிகிறது. நிழலில் பார்த்தால் எதுவும் தெரியாது. எட்டு மாதமும் எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அப்போ தூசியோடவே ஓட்டச் சொல்றீங்களா?

ஆமாம். இரண்டு மூன்று நாள் தூசியோடு ஓட்டுவதால் காருக்கு ஒன்றும் ஆகாது. முன் பின் கண்ணாடிகளையும் பக்கக் கண்ணாடிகளையும் மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள், பார்வைக்கு அவசியம். முகப்பு விளக்கு கண்ணாடி மாதிரி இருந்தாலும் இப்போதைய கார்களில் அது பிளாஸ்டிக். அதையும் நன்றாக நனைத்த பிறகே தொடுங்கள்.

பார்க்கச் சகிக்கவில்லை என்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் என்று கிடைக்கும், பிறகு அலசத் தேவையில்லாத திரவத்தை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாளித் தண்ணீரில் சொன்ன அளவு கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறப்போடுங்கள். ஒரு துணியை நான்காக மடித்து, ஒரு மடிப்பால் ஒரு பகுதியை நேராக ஒரே இழுப்பு. அடுத்த பகுதிக்கு மடிப்பை மாற்ற வேண்டும். அழுக்கான பக்கம் மறுபடி காரைத் தொடக்கூடாது, துணி திரும்ப அந்த வாளிக்குள்ளும் போகக்கூடாது. அந்தத் திரவம் துகளைச் சுற்றி வழுக்கலாக நிற்பதால் கீறல் வெகுவாகக் குறைகிறது. லேசான தூசிக்கு மட்டும்தான் இது. சேறு, திட்டுத்திட்டாக மண் என்றால் முழுக் கழுவல்தான்.

மெழுகு தோய்த்த நூல் டஸ்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதன் எடை மட்டும் பட வேண்டும், கை அழுத்தக்கூடாது. பனி ஈரம் இருக்கும் காலையில் தொடவே வேண்டாம்; தூசி குழைந்து அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும், அதை வைத்துத் தேய்ப்பது காய்ந்த தூசியைவிட மோசம். இன்னொன்று, பிள்ளைகளைத் தூசியில் விரலால் பெயர் எழுத விடாதீர்கள். கழுவின பிறகும் அந்தப் பெயரை வெயிலில் படிக்கலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்?

வெளியே நிற்கும் காருக்கு வாரத்துக்கு ஒன்று, முடியாவிட்டால் பத்து நாளைக்கு ஒன்று போதும். அடிக்கடி கழுவினால் அடிக்கடி தொடுகிறோம் என்று அர்த்தம். கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் இடையில் ஒரு தடவை வெறும் தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் அலசிவிடுங்கள், உப்பு அங்கேதான் தங்கும்.

இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாதவை சில உண்டு: பறவை எச்சம், செத்த பூச்சி, மரத்துப் பிசுபிசுப்பு, சிமெண்ட் தூசி. அவை வாரக் கடைசிவரை காத்திருக்காது. ஒவ்வொன்றையும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலேயே கழுவுறேன். முறையா எப்படிக் கழுவுறது?

முதலில் துணியே இல்லாமல் தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி, உட்கார்ந்திருக்கும் மண்ணெல்லாம் ஓடும்வரை அடியுங்கள். வேலையில் முக்கால் பங்கு இதுதான், பலரும் அவசரமாகக் கடப்பதும் இதைத்தான். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறி போல விரியும் முனையைப் போட்டு, ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் பிடியுங்கள். கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடம் இருந்தால் அங்கே நேராக அடிக்காதீர்கள், ஓரம் இன்னும் உரியும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவுங்கள். அடுத்த பகுதிக்குப் போகும் முன் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்பு. கழுவி முடித்ததும் அந்த இரண்டாவது வாளியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். நறநறவென்று படியும் அந்த மண், ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் திரும்பத் திரும்பக் காரின் மேல் போயிருக்கும்.

கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்பாதி என்று இறங்கி வாருங்கள். கீழேதான் அழுக்கு அதிகம். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் பெயிண்டுக்கு வந்துவிடக்கூடாது. துணி கைதவறித் தரையில் விழுந்தால் அன்றைக்கு அது காருக்கு இல்லை. அலசிவிட்டுத் தொடரலாம் என்று தோன்றும். நூலிழைக்குள் சிக்கிய மணல் ஓர் அலசலில் போகாது.

துடைக்கப் பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று போதும். அதை விரித்துக் காரின் மேல் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து மெல்ல இழுங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனி லேபிளை முன்னாடியே வெட்டிவிட வேண்டும், அதுவும் கீறும். இந்தத் துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழைகள் அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

கார் ஷாம்பு எதுக்கு? பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டா என்ன?

ஒரு தடவை போட்டால் பெயிண்ட் உரிந்துவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெயிண்டின் மேல் நீங்கள் போட்ட மெழுகையும் பிசுக்கு என்றே நினைத்துக் கொண்டுபோகும். துணி துவைக்கும் தூள் இன்னும் காரமானது, அது வேண்டவே வேண்டாம். கார் ஷாம்பு நடுநிலையான பிஎச் அளவில் இருக்கும், வழுக்கலும் அதிகம். அந்த வழுக்கலுக்காகத்தான் அதை வாங்குகிறோம்.

வெயில்ல கழுவினா பெயிண்ட் வெடிச்சிடுமா?

வெடிக்காது. தொழிற்சாலையில் அந்தப் பெயிண்டைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். பிரச்சினை வேறு. சூடான தகட்டில் தண்ணீரும் ஷாம்பும் துடைப்பதற்குள் காய்ந்துவிடும், காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. பானெட்டின் மேல் புறங்கையை வையுங்கள். இதமாக வைத்திருக்க முடியவில்லை என்றால் சாயங்காலம்வரை பொறுத்திருங்கள்.

கழுவினப்புறம் வெள்ளை வெள்ளையா வட்டம் விழுது. எங்க தண்ணி உப்புத் தண்ணி.

தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் அப்படியே தங்கிவிடும். அதுதான் வட்டம். ஒரு கதவைக் கழுவி அலசியதும் அதைத் துடைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள், முழுக் காரையும் கழுவிவிட்டுத் துடைக்கலாம் என்று விடாதீர்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ கிடைத்தால் வேலை பாதி.

விழுந்துவிட்ட வட்டத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த தகட்டின் மேல் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து நன்றாகக் கழுவுங்கள். மெழுகு போட்டிருந்தால் அந்த இடத்தில் போய்விடும், திரும்பப் பூசிக்கொள்ளுங்கள். இதற்கும் போகாமல் விரல் நகத்தில் லேசான பள்ளம் மாதிரி தட்டுப்பட்டால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ்தான், பாலிஷ் பற்றிய பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பறவை எச்சத்தை ஞாயித்துக்கிழமை மொத்தமா கழுவிக்கலாமா?

கூடாது. தூசியில் பொறுமை வேண்டும் என்றேன். இதில் நேர் எதிர், அவசரம் வேண்டும். எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெப்பம். அடர் நிறக் கார் வெயிலில் நின்றால் தகடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது, மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் தகடு குளிரும்போது, இளகியிருந்த கிளியர் கோட் இறுகிப்போன எச்சத்தின் வடிவத்துக்குப் படிந்து சுருங்கிவிடுகிறது. எச்சத்தை எடுத்த பிறகும் அதே வடிவத்தில் மங்கலாக ஒரு தடம் நிற்பது அதனால்தான். கடும் வெயிலில் ஒரே பகலில்கூட இது நடந்துவிடும்.

எடுக்கும் முறை: டிஷ்யூ தாளையோ மைக்ரோஃபைபர் துணியையோ சொட்டச் சொட்ட நனைத்து அதன் மேல் போட்டுவிட்டு ஐந்து பத்து நிமிடம் நகர்ந்துவிடுங்கள். ஊறிய பிறகு கிள்ளி எடுப்பது போல அப்படியே மேலே தூக்க வேண்டும். தேய்க்கக்கூடாது, பல பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்கு மணலும் சிறு கல்லும் விழுங்கும், விதை ஓடும் இருக்கும், அதெல்லாம் எச்சத்தில் வருகிறது. மிச்சம் இருந்தால் மறுபடி ஊறவைத்து மறுபடி தூக்குங்கள். கடைசியில் அந்த இடத்தைத் தண்ணீரால் அலசிவிடுங்கள்.

என் கார் டிக்கியில் ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் ஒரு கட்டு டிஷ்யூவும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கும். எச்சம் பார்த்ததும் அந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். நண்பர்களுக்கு நான் சொன்னதில் அதிகம் பேர் கடைப்பிடிப்பதும் இதைத்தான்.

நெடுஞ்சாலையில போயிட்டு வந்தா முன்னாடியெல்லாம் பூச்சி. அதுவும் அவசரமா?

அதுவும்தான். பூச்சியின் உடல் சாறும் காய்ந்தால் பெயிண்டை அரிக்கும். வீடு வந்த அன்றே, எச்சத்துக்குச் சொன்னபடி நனைத்து ஊறவைத்து எடுங்கள். பம்பரின் வலையில் பல் துலக்கும் பிரஷ் உதவும், பெயிண்டில் வேண்டாம். தார் தெறித்த கறுப்புப் புள்ளிகள் மட்டும் அவசரமில்லை. அவற்றுக்கென்று விற்கும் தார் நீக்கியைத் தொட்டு வையுங்கள், கரைந்து வழியும்போது துடைத்தால் போதும். பெட்ரோல் ஊற்றித் தேய்ப்பது ஆபத்து.

மரத்தடியில நிறுத்தினா பிசுபிசுன்னு சொட்டுச் சொட்டா இருக்கு. மரப்பிசின்தானே?

பெரும்பாலும் இல்லை. இலைகளின் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினி, செதில் பூச்சி போன்றவை வெளியேற்றும் சர்க்கரை நீர் அது. மழைத் தூறல் மாதிரி கண்ணாடி முழுக்கப் பொடிப் பொடியாகப் படியும். புதிதாக இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைந்துவிடும். விட்டுவைத்தால் அதன் மேல் தூசி ஒட்டும், கரும்பூஞ்சை வளரும், பிறகுதான் சிரமம்.

உண்மையான பிசின் என்றால் ஒன்றிரண்டு தடித்த சொட்டாக, தேன் நிறத்தில் இருக்கும். காய்ந்தால் கல். நகத்தால் பெயர்க்க வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அரை நிமிடம் அதன் மேல் வைத்திருங்கள், இளகும்போது ஒற்றி எடுங்கள். பிறகு அந்த இடத்தைக் கழுவி, மெழுகு போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ மர நிழலா, வெயிலா? எது மேல்?

நிழல் வேண்டும்தான், ஆனால் எந்த மரம் என்று பாருங்கள். தரையைப் பார்த்தால் போதும். பழமும் எச்சமும் கறையும் கிடக்கும் மரத்தடியில் நிறுத்தாதீர்கள், பறவை அடையும் மரத்தின் கீழ் இரவில் நிறுத்தவே வேண்டாம். அப்படி ஒரு மரம்தான் இருக்கிறது என்றால் நான் வெயிலைத் தேர்ந்தெடுப்பேன். வெயில் கிளியர் கோட்டைக் கெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும், எச்சத்துக்கு ஒரு பகல் போதும்.

மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் அடியில் இருக்கும் பள்ளத்தையும் அடிக்கடி பாருங்கள். உதிர்ந்த பூவும் இலையும் அங்கே மக்கி, மழைத் தண்ணீர் இறங்கும் துளையை அடைக்கும். அடைத்தால் தண்ணீர் காருக்குள் வரும்.

கார் கவர் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும் இல்லையா?

கவர் என்பது காரின் மேல் போர்த்திய ஒரு பெரிய துணி. இரண்டாவது பதிலில் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும்: தூசி படிந்த காரின் மேல் அதை இழுத்துப் போர்த்தினால், துடைப்பதும் அதுவும் ஒன்றுதான். காற்றடிக்கும் இடத்தில் இரவு முழுக்கப் படபடவென்று அடித்து உரசும். கவர் போடும் கார்களில் பக்கக் கண்ணாடிகளின் முனையையும் பானெட்டின் முன் விளிம்பையும் ஸ்பாய்லரின் மூலைகளையும் பாருங்கள். கவர் இறுகிப் பிடிக்கும் இந்த இடங்கள்தான் முதலில் மங்கும்.

போட வேண்டுமென்றால் சில விஷயம் கவனியுங்கள். கார் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். கவர் அந்தக் காரின் அளவுக்குத் தைத்ததாக, உள்பக்கம் மெத்தென்று, ஈரம் வெளியேறும்படி காற்றோட்டமுள்ளதாக இருக்க வேண்டும். காரின் அடியில் போகும் வயிற்றுப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் மாதிரியான மலிவுக் கவர் ஈரத்தை உள்ளேயே வேகவைக்கும். வெளிர்த்திட்டு விழுந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கும்போது தரையில் இழுபடாமல், வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடு சேரும்படி மடித்துக்கொண்டே வாருங்கள்.

தினமும் ஓட்டும் காருக்கு நான் கவரைச் சொல்வதில்லை. தினம் இரண்டு தடவை போட்டு எடுப்பது தினம் இரண்டு தடவை துடைப்பதுதான்.

மழை பெய்ஞ்சா கார் தானா சுத்தமாயிடுமே?

பெருமழை கொஞ்சம் கழுவும். தூறல் நின்ற பிறகு பாருங்கள், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு மண் வளையம் இருக்கும். காற்றில் இருந்த தூசியை மழை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மழை விட்டதும் ஓர் அலசல் அலசித் துடைத்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் காய்ந்ததைத் துணியால் தொடாமல் அடுத்த கழுவலுக்கு விட்டுவிடுங்கள்.

பக்கத்துல கட்டட வேலை நடக்குது. கார் முழுக்க சிமெண்ட் தூசி.

காய்ந்த சிமெண்ட் தூளாக இருக்கும்வரை நேரம் இருக்கிறது. அதன் மேல் பனியோ தூறலோ விழுந்தால் காரத்தன்மையுள்ள குழம்பாகி, பெயிண்டிலேயே இறுகிவிடும். அதனால் அன்றைய சாயங்காலமே, பனி இறங்குவதற்குள், நிறையத் தண்ணீர் விட்டு அடியுங்கள். கொஞ்சமாகத் தெளிப்பது தெளிக்காமல் விடுவதைவிடக் கெடுதல். இறுகிய துளிகளுக்கு மேலே சொன்ன வினிகர் கலவையைப் பலமுறை ஒற்றிக் கரையுங்கள், சுரண்டாதீர்கள். வேலை முடியும்வரை வேறு இடம் பார்க்க முடிந்தால் அதுதான் நல்ல வழி. இந்த நிலைமையில், அங்கேதான் நிறுத்தியாக வேண்டும் என்றால், நானே கவரைச் சிபாரிசு செய்வேன்.

வெள்ளைக் கார். கழுவினாலும் போகாம ஆரஞ்சுப் புள்ளி இருக்கு. அதுக்குள்ள துருவா?

உங்கள் கார் துருப்பிடிக்கவில்லை. ரயில் தண்டவாளம், பட்டறை, முன்னால் போகும் வண்டிகளின் பிரேக் இவற்றிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் கிளியர் கோட்டில் ஒட்டி, அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது. எல்லாக் காரிலும் உண்டு, வெள்ளையில் கண்ணுக்குத் தெரிகிறது. இரும்பு நீக்கித் திரவத்தைக் குளிர்ந்த, கழுவிய காரில் அடித்தால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஈரமான பெயிண்டின் மேல் விரல் நுனியை லேசாக ஓட்டுங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம் பைக்குள் சொரசொரவென்று தெரியும். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் என்னும் களிமண் மாதிரியான கட்டி. நிறைய வழுக்கல் திரவம் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் ஒட்டியதெல்லாம் அதில் வந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அதுவும் தேய்ப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

மெழுகு, சீலன்ட், செராமிக், பிபிஎஃப். எதைத்தான் போடுறது?

கார்னோபா மெழுகு சில வாரம் முதல் இரண்டு மாதம்வரை நிற்கும். மெழுகு மாதிரியே பூசும் சிந்தெடிக் சீலன்ட் நான்கைந்து மாதம். செராமிக் கோட்டிங், ஒழுங்காகப் போட்டுப் பராமரித்தால், ஆண்டுக்கணக்கில். மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான்: அழுக்கு ஆழமாக ஒட்டாமல், சுலபமாகக் கழுவ வருகிறது, எச்சத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே ஒரு படலம் நின்று உங்களுக்குக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொடுக்கிறது. பிபிஎஃப் வேறு ரகம். 150 முதல் 200 மைக்ரான் கனத்தில், பெயிண்டின் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் படலம் அது. முதல் பதிலில் சொன்ன 40 மைக்ரானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லடியைத் தாங்குவது இது ஒன்றுதான்.

வெளியே நிற்கும் காருக்கு என் யோசனை: நீங்களே கையால் சீலன்ட் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை. செராமிக் போட வசதி இருந்தால் போடுங்கள், ஆனால் போட்ட பிறகும் எச்சத்தை உடனே எடுக்கத்தான் வேண்டும், உப்புத் தண்ணீர் வட்டமும் விழத்தான் செய்யும். துளித்துளியாகத் தண்ணீர் நிற்பதால் சில சமயம் வட்டம் கூடுதலாகவே விழும்.

9எச் செராமிக்னா கீறலே விழாதுன்னு கடையில சொன்னாங்களே?

அந்த 9எச் பென்சில் கணக்கு. 9பி முதல் 9எச் வரை கடினம் ஏறும் பென்சில்களை ஒவ்வொன்றாகப் பூச்சின் மேல் தள்ளிப் பார்க்கும் சோதனை அது. 9எச் பென்சிலுக்குக் கீறவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். குவார்ட்ஸுக்கு 7 என்று மேலே சொன்ன மோஸ் கணக்கு வேறு, இது வேறு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து 9 பெரிது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மணல் துகள் செராமிக்கையும் கீறும். காய்ந்த துணிக்கு இந்தப் பூச்சு அனுமதி தருவதில்லை.

ஷோரூம்ல இருந்து எடுக்கிறப்பவே ஏதாவது கவனிக்கணுமா?

கவனிக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் அவசர அவசரமாகக் கழுவித் துடைக்கும்போதே பல கார்களில் முதல் கோடுகள் விழுந்துவிடுகின்றன. துடைக்காமல் தண்ணீர் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று முன்பே கேட்டுப் பாருங்கள். கைபேசி விளக்கைப் பானெட்டுக்கு மேலே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள், வலைக்கோடு இருந்தால் அங்கேயே தெரியும்.

கதவு ஓரங்களில் ஸ்பாஞ்ச் துண்டுகள் ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். லாரியில் வரும்போது இடிபடாமல் இருக்க வைத்தவை அவை. விட்டுவைத்தால் மண்ணையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு, கதவு அதிரும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேய்க்கும். பம்பரிலோ கதவிலோ ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் அப்படித்தான், வெயிலில் பசை இறுகுவதற்குள் உரித்துவிடுங்கள்.

தானியங்கி பிரஷ் வாஷ்ல விடலாமா?

நான் விடுவதில்லை. உங்களுக்கு முன்னால் வந்த வண்டியின் சேறு அந்தப் பிரஷில் இருக்கிறது. ஆள் வைத்துக் கழுவும் இடமாக இருந்தாலும், ஒரே துணியால் சக்கரத்தையும் கதவையும் துடைக்கிறார்களா என்று ஒரு காரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே வலைக்கோடு விழுந்துடுச்சு. பாலிஷ் போட்டா போயிடுமா?

நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் பாலிஷில் போகும். மாட்டினால் கோடு ஆழமானது, அதைத் துரத்திப் பாலிஷ் போடுவது கிளியர் கோட்டைத் துளைப்பதில் முடியலாம். பாலிஷ் என்பது கோட்டின் ஆழம்வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துச் சமமாக்குவது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். இருப்பதே 40. எனவே பழக்கத்தை மாற்றிய பிறகு ஒரு தடவை நல்ல ஆளிடம் பாலிஷ் போட்டு, உடனே சீலன்ட் பூசுங்கள். பழக்கம் மாறாமல் போட்டால் ஆறு மாதத்தில் அதே கோடுகள், கிளியர் கோட் மட்டும் குறைந்திருக்கும்.

பாலிஷ் போட்ட மறுநாள் எல்லாம் போய்விட்டது போலத் தெரிந்து, இரண்டு கழுவலில் கோடுகள் திரும்ப வந்தால், எண்ணெய் போன்ற பொருளால் கோடுகளை அடைத்து மறைத்திருக்கிறார்கள். முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், உண்மை தெரிந்துவிடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் காருக்கு இதெல்லாம் பொருந்தாது. அதைப் பாலிஷ் செய்தால் திட்டாகப் பளபளக்கும், திரும்பப் பழைய நிலைக்கு வராது.

ஒரு மாசம் வெளியூர் போறேன். கார் திறந்த வெளியிலதான் நிக்கும். என்ன செய்யட்டும்?

கிளம்புவதற்கு முந்தைய நாள் கழுவி, முழுக்கக் காயவைத்து, சீலன்ட் போடுங்கள். பறவை அடையும் மரத்தையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். கம்பியின் மேல் வரிசையாக உட்கார்ந்தால் கீழே கோடு போட்ட மாதிரி எச்சம் விழும். காற்றடங்கிய இடமாக இருந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலும் கவர் போடலாம், கார் சுத்தமாக இருக்கிறது, ஒரே தடவை போட்டு ஒரே தடவை எடுக்கப் போகிறீர்கள். யாராவது பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால், எச்சத்தின் மேல் நனைத்த டிஷ்யூ போட்டுத் தூக்குவதை மட்டும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போங்கள். தூசியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உதவி செய்கிற ஆசையில் முதலில் துணியைத்தான் எடுப்பார்கள்.

திரும்பி வந்ததும் பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு நேராகக் காரிடம் போகத் தோன்றும். போங்கள், ஆனால் கையில் துணி வேண்டாம். ஒரு மாதத் தூசி நன்றாகப் படிந்து ஒட்டியிருக்கும். முதலில் தண்ணீரை மட்டும் விட்டு நனைத்து, ஷாம்பு நுரையைப் போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்கு முன் மறுபடி தண்ணீர் அடியுங்கள். கையுறையை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.